பொது யூஎஸ்பி முனையில் செருகும் முன்

கைப்பேசியின் அடிப்பக்கத்தில் துளை ஒன்றுதான், வேலை இரண்டு. மின்சாரம் உள்ளே வருவதும் அதன் வழியே, படங்களும் கோப்புகளும் கணினிக்குப் போவதும் அதன் வழியே. பொது இடத்தில் சுவரிலோ மேசையிலோ பொருத்தியிருக்கும் யூஎஸ்பி முனையில் கைப்பேசியைச் செருகுகிறவருக்கு வேண்டியது முதல் வேலை மட்டும். ஆனால் அந்த முனைக்குப் பின்னால் இருப்பது வெறும் சார்ஜரா, சார்ஜர் போல நடிக்கும் சிறு கணினியா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அது கணினியாக இருந்து, சத்தமில்லாமல் இரண்டாவது வேலையையும் பார்த்துக்கொண்டால் அதற்கு ‘ஜூஸ் ஜாக்கிங்’ என்று பெயர்.

சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் போன்ற வட்டாரத்தில் இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. 1987 டிசம்பரில் திறந்த எம்ஆர்டி நிலையம், அதன் தலைக்கு மேல் வானளாவ நிற்கும் குவோக்கோ டவர், சுற்றிலும் அலுவலகங்கள், சற்றுத் தள்ளி மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையம். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பிய கைப்பேசி மாலையில் இங்கே சிவப்புக் கோட்டுக்கு வந்து நிற்கும். சிங்கப்பூரில் அது அணைந்துபோனால் பேச்சு மட்டும் நிற்பதில்லை. பணம் அனுப்பும் பேநவ், அடையாளம் காட்டும் சிங்பாஸ், வங்கிச் செயலி எல்லாம் சேர்ந்து நின்றுவிடும். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தமிழர்கள் நிறைந்திருந்த பழைய தஞ்சோங் பகாரில் திருடனின் கண் சட்டைப்பையில் இருந்தது. இப்போது பணமும் அடையாளமும் ஒரே கண்ணாடிப் பலகைக்குள் இருக்கின்றன. அதனால்தான் எங்கே முனை கிடைத்தாலும் செருகத் தோன்றுகிறது, செருகும்போது சிறு அச்சமும் எழுகிறது. அந்த அச்சத்தில் எவ்வளவு நியாயம் உண்டு என்பதை அளந்து பார்ப்பது நல்லது. இந்த விஷயத்தில் மிகையும் உண்டு, அலட்சியமும் உண்டு.

முதலில் கம்பிகளைப் பார்த்துவிடலாம். பழைய அகலமான யூஎஸ்பி முனையில் நான்கு கம்பிகள் இருக்கும். ஓரத்தில் உள்ள இரண்டும் மின்சாரத்துக்கு: ஒன்று ஐந்து வோல்ட், மற்றது தரை இணைப்பு. நடுவில் உள்ள டி பிளஸ், டி மைனஸ் என்ற இரண்டும் தகவலுக்கு. சார்ஜ் ஏறுவதற்கு ஓரக் கம்பிகளே போதும். ஆனாலும் சாதாரணக் கேபிளில் நான்கும் இருக்கும். புதிய யூஎஸ்பி சி முனையில் 24 ஊசிகள். எவ்வளவு மின்சாரம் வேண்டும், யார் கொடுப்பது, யார் வாங்குவது என்று இரு கருவிகளும் பேசிக்கொள்வதற்கே அதில் ‘சிசி’ என்று தனிக் கம்பி உண்டு. மடிக்கணினியைக்கூட அதே முனையில் வேகமாகச் சார்ஜ் செய்ய முடிவது இந்தப் பேச்சுவார்த்தையால்தான். தகவல் இணைப்பில் யார் தலைமை, யார் துணை என்பதை இரு கருவிகளும் நடுவில் மாற்றிக்கொள்வதும் இந்தக் கம்பி வழியேதான். பின்னால் வரும் ஒரு தாக்குதலைப் புரிந்துகொள்ள இந்தக் கடைசி விவரம் வேண்டும்.

இப்படி ஒரு ஆபத்து உண்டு என்று உலகம் முதலில் கவனித்தது 2011 ஆகஸ்டில். அமெரிக்காவின் லாஸ் வேகஸில் ஆண்டுதோறும் நடக்கும் டெஃப்கான் என்ற ஹேக்கர்கள் மாநாட்டில், ஏரிஸ் செக்யூரிட்டி நிறுவனத்தைச் சேர்ந்த பிரையன் மார்கஸும் நண்பர்களும் இலவச சார்ஜிங் பெட்டி ஒன்றை வைத்தார்கள். திரையில் இலவசமாகச் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்ற அழைப்பு. யாராவது கைப்பேசியைச் செருகியதும் திரை சிவப்பாக மாறி, தெரியாத பெட்டியை நம்பாதே என்று எச்சரிக்கும். மூன்றரை நாள்களில் 360 பேருக்கு மேல் செருகினார்கள். அத்தனை பேரும் பாதுகாப்பைப் பற்றிப் பேசவும் கேட்கவும் வந்தவர்கள்! அந்தப் பெட்டி யாருடைய தகவலையும் எடுக்கவில்லை, பாடம் சொல்வதற்காக வைத்த பெட்டி அது. செய்தியாளர் பிரையன் கிரெப்ஸ் இதைப் பற்றி எழுதும்போதுதான் ஜூஸ் ஜாக்கிங் என்ற பெயரைச் சூட்டினார்.

இரண்டே ஆண்டுகளில் பாடம் நிஜமாகவே செய்துகாட்டப்பட்டது. 2013இல் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தின் பில்லி லாவ், யோங்ஜின் ஜாங், செங்யு சாங் மூவரும் ‘மாக்டன்ஸ்’ என்ற சார்ஜரை பிளாக்ஹேட் என்ற பாதுகாப்பு மாநாட்டில் காட்டினார்கள். சிறிய ஒற்றைப் பலகைக் கணினி ஒன்றை உள்ளே வைத்துச் செய்தது. ஐஃபோனைச் செருகினால் ஒரு நிமிடத்துக்குள் உரிமையாளருக்குத் தெரியாமல் வேண்டாத செயலியை நிறுவிவிடும். அந்த நாளில் ஐஃபோன், எதிரே இருப்பது கணினி என்றால் கேள்வி கேட்காமல் பழகிவிடும் குணத்தோடு இருந்தது. ஆப்பிள் அதே ஆண்டு ஐஓஎஸ் 7இல், இந்தக் கணினியை நம்பலாமா என்று கேட்கும் பெட்டியைக் கொண்டுவந்தது. ஆண்ட்ராய்டு பக்கம் 2013இன் 4.2.2 பதிப்பிலிருந்து, கணினி கைப்பேசிக்குக் கட்டளை கொடுக்கும் ‘யூஎஸ்பி டீபக்கிங்’ வழிக்கு உரிமையாளரின் ஒப்புதல் தேவையானது. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6, கேபிள் செருகினால் சார்ஜ் மட்டும் என்பதையே இயல்புநிலை ஆக்கியது. 2018இல் ஐஓஎஸ் 11.4.1, பூட்டி ஒரு மணி நேரம் கழிந்த ஐஃபோனில் தகவல் கம்பியையே செயலிழக்க வைத்தது.

ஆக, இன்று செருகியதுமே எல்லாம் களவு போய்விடும் என்று சொல்வது பத்தாண்டுப் பழைய கதை. நடுவில் ஒரு கேள்விப் பெட்டி நிற்கிறது. அதில் சம்மதம் சொன்னால்தான் கதவு திறக்கும். சார்ஜ் மட்டுமே வேண்டுபவர் அந்தப் பெட்டிக்கு ஒருபோதும் சம்மதம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. வெறும் சார்ஜருக்குக் கைப்பேசியிடம் கேட்க எதுவும் கிடையாது. பொது முனையில் செருகியதும் நம்பலாமா, படங்களைக் காட்டலாமா என்ற கேள்வி திரையில் வந்தால், எதிரே இருப்பது வெறும் சார்ஜர் அல்ல என்பதற்கு அதுவே போதுமான சான்று.

பிரச்சினை என்னவென்றால், அந்தப் பெட்டியையும் ஏமாற்றலாம் என்று 2025இல் காட்டிவிட்டார்கள். ஆஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃப்ளோரியன் டிராஷ்பாகர் குழுவினர் இதற்கு ‘சாய்ஸ் ஜாக்கிங்’ என்று பெயர் வைத்தார்கள். தந்திரம் அழகானது, அதனால்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது. தீய சார்ஜர் முதலில் தன்னை ஒரு விசைப்பலகை என்று அறிமுகம் செய்துகொள்கிறது. விசைப்பலகையை ஏற்கக் கைப்பேசி அனுமதி கேட்பதில்லை. அந்தப் போலி விசைகளால் கைப்பேசியின் புளூடூத்தை இயக்கி, சார்ஜருக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு புளூடூத் விசைப்பலகையோடு இணைத்துவிடுகிறது. அடுத்து, மேலே சொன்ன சிசி கம்பி வழியாகப் பாத்திரத்தை மாற்றிக்கொண்டு, இப்போது நான் கணினி என்கிறது. கைப்பேசி வழக்கம்போல நம்பலாமா என்று கேட்கிறது. புளூடூத் விசைப்பலகை ஆமாம் என்று அழுத்துகிறது. கேட்ட குரலும் பதில் சொன்ன குரலும் ஒரே சார்ஜருடையவை, உரிமையாளர் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார்.

எட்டு நிறுவனங்களின் கருவிகளில் சோதித்து, எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வழியில் கோப்புகளை எடுக்க முடிந்தது என்று அந்தக் குழு எழுதியது. இரண்டு நிறுவனங்களின் கைப்பேசிகளில் பூட்டியிருந்த நிலையிலும் எடுக்க முடிந்தது. கண்டுபிடித்ததை வெளியிடும் முன் தயாரிப்பாளர்களுக்குத் தெரிவித்தார்கள். ஆப்பிள் ஐஓஎஸ் 18.4இல் அந்தச் சம்மதத்துக்குக் கடவு எண்ணையும் கேட்கத் தொடங்கியது. கூகல் ஆண்ட்ராய்டு 15இல் அதுபோலவே செய்தது. ஆனால் ஆண்ட்ராய்டில் கூகல் செய்வது வேறு, ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் கைப்பேசிகளுக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேறு. மென்பொருள் புதுப்பிப்பு நின்றுபோன பழைய கைப்பேசிகளுக்கு அது போய்ச் சேராது. சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் இரண்டாம் கையாக வாங்கிய ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஊருக்குப் பணம் அனுப்பும் ஊழியரும், புதிய கைப்பேசி வைத்திருக்கும் தஞ்சோங் பகார் அலுவலக மேலாளரும் ஒரே முனையில் செருகினாலும் அவர்களின் ஆபத்து ஒன்றல்ல. வசதி குறைந்தவரின் கருவியே அதிகம் திறந்து கிடக்கிறது. பாதுகாப்பு அறிவுரைகள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை.

முனையை விட்டுவிட்டுக் கேபிளையே ஆயுதமாக்குவதும் உண்டு. 2019இல் மைக் குரோவர் என்ற ஆய்வாளர் செய்துகாட்டிய ஓ.எம்.ஜி கேபிள், பார்வைக்கு ஆப்பிள் கேபிளேதான். ஆனால் அதன் தலைக்குள் வைஃபை வசதியுள்ள சிறு சில்லு ஒளிந்திருக்கும். தூரத்தில் இருக்கும் ஒருவர் அதன் வழியே கட்டளைகளைத் தட்டச்சு செய்யலாம். ஆகவே யாரோ விட்டுப்போன கேபிளும், உணவங்காடி மேசையில் அக்கம்பக்கத்தவர் அன்பாக நீட்டும் கேபிளும், வாடகை பவர் பேங்கோடு ஒட்டியே வரும் கேபிளும் தெரியாத முனையின் கணக்கில்தான் சேரும். அன்பாக நீட்டுகிறவரைச் சந்தேகிக்கச் சொல்லவில்லை. அவருக்கே தெரியாமல் அவர் கைக்கு வந்த கேபிளாகவும் அது இருக்கலாம்.

இனி எச்சரிக்கைகள். 2019 நவம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்ட அரசு வழக்குரைஞர் அலுவலகம் பயணிகளை எச்சரித்தது. இந்திய ரிசர்வ் வங்கி 2022இல் வெளியிட்ட மோசடி விழிப்புணர்வுக் கையேட்டில் இதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கியது. 2023 ஏப்ரலில் எஃப்பிஐயின் டென்வர் அலுவலகம் விமான நிலையம், ஹோட்டல், கடைத்தொகுதி இங்கெல்லாம் இலவச முனைகளைத் தவிர்க்கச் சொல்லி டுவிட்டரில் எழுத, உலகமெங்கும் அது தலைப்புச் செய்தியானது. வாட்ஸ்அப் குழுக்களில் தமிழிலும் சுற்றியது. ஆனால் லாஸ் ஏஞ்சலிஸ் அலுவலகத்திடம் செய்தியாளர்கள் கேட்டபோது தங்கள் கையில் அப்படி ஒரு வழக்கும் இல்லை என்றார்கள். அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி, உறுதிப்படுத்தப்பட்ட நிகழ்வு எதுவும் தங்களுக்குத் தெரியாது என்று தன் எச்சரிக்கைப் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. ஆய்வகத்தில் நடந்தது மெய், தெருவில் நடந்ததாகக் காட்ட ஆள் இல்லை.

ஏன் நடப்பதில்லை என்று யோசித்தால் விடை திருடனின் வரவுசெலவுக் கணக்கில் இருக்கிறது. பொது முனையைக் கெடுக்க ஆள் நேரில் வரவேண்டும், சுவரைப் பிரிக்கவேண்டும், உள்ளே கருவியை வைக்கவேண்டும். கண்காணிப்புக் கேமராக்கள் நிறைந்த சிங்கப்பூரில் அது முகத்தைக் காட்டிவிட்டுச் செய்யும் வேலை. பிடிபட்டால் 1993ஆம் ஆண்டின் கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டம் காத்திருக்கிறது: அனுமதியின்றி நுழைந்ததற்கு மட்டும், முதல் முறை என்றாலும், 5,000 வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டாண்டு வரை சிறை, இரண்டுமே சேர்ந்தும் வரலாம். இவ்வளவுக்கும் பின் கிடைப்பது வந்து செருகிய சிலரின் படங்கள். அதே ஆள் வேறொரு நாட்டில் உட்கார்ந்துகொண்டு ஃபேஸ்புக்கில் மலிவு விலை விளம்பரம் ஒன்றைப் போட்டால் ஆயிரம் பேர் தாங்களாகவே கதவைத் திறப்பார்கள்.

சிங்கப்பூரில் நடந்தது இந்த இரண்டாவதுதான். 2023இல் தீய மென்பொருள் வழியாக நடந்த மோசடிகள் மட்டும் 1,899, இழப்பு குறைந்தது 34.1 மில்லியன் வெள்ளி என்று காவல்துறை அறிவித்தது. முறை ஏறக்குறைய ஒன்றே. கடலுணவு, வீட்டைச் சுத்தம் செய்யும் சேவை, சுற்றுலா என்று ஏதோ ஒன்றுக்குச் சமூக ஊடகத்தில் விளம்பரம் வரும். கேட்டால் வாட்ஸ்அப்பில் பதில் வரும். முன்பதிவுக்கு இந்தச் செயலியை இறக்குங்கள் என்று கூகல் பிளே கடைக்கு வெளியே உள்ள, ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் ஏபிகே கோப்பு ஒன்று வரும். நிறுவியதும், உடற்குறை உள்ளவர்களுக்கு உதவ வைத்திருக்கும் ‘அக்சசிபிலிட்டி’ அனுமதியைக் கேட்கும். கொடுத்துவிட்டால் திரையில் தெரிவதைப் படிக்கவும், உரிமையாளரின் விரலாக நின்று அழுத்தவும் அதற்கு முடியும். வங்கிக் கடவுச்சொல்லும் குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறை எண்ணும் அப்படியே போய்ச் சேர்ந்தன. கேபிள் எதுவும் தேவைப்படவில்லை.

அதனால் சிங்கப்பூரின் பாதுகாப்பு முயற்சியும் அந்தப் பக்கமே போனது. 2023 ஆகஸ்டில் ஓசிபிசி வங்கியின் செயலி, வெளிக் கடையிலிருந்து வந்த ஆபத்தான செயலி கைப்பேசியில் இருந்தால் உள்ளே விட மறுத்தது. வங்கிக்கு நம் கைப்பேசியைத் துழாவ என்ன உரிமை என்று கோபப்பட்டவர்கள் உண்டு. அது நியாயமான கேள்விதான், ஆனாலும் அந்தத் தடை பலன் தந்தது. அந்த ஆண்டு நவம்பரிலிருந்து வங்கிகள், இணையம் வழியாக எடுக்கவே முடியாதபடி சேமிப்பில் ஒரு பகுதியைப் பூட்டிவைக்கும் ‘மணி லாக்’ வசதியைத் தந்தன. 2024 பிப்ரவரியில் கூகல், சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்போடு சேர்ந்து, குறுஞ்செய்தியைப் படிக்கும் அனுமதியோ அக்சசிபிலிட்டி அனுமதியோ கேட்கும் வெளிச் செயலிகளைத் தானாகவே தடுக்கும் முன்னோட்டத் திட்டத்தை முதன்முதலாக இங்கே தொடங்கியது. அதே ஆண்டு ஜூலையில் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும், வங்கிச் செயலியிலேயே உறுதிசெய்யும் டிஜிட்டல் டோக்கன் வைத்திருப்பவர்களுக்குக் குறுஞ்செய்தி ஒருமுறை எண்ணைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தன.

இரண்டு ஆபத்துக்கும் நடுவில் ஒரே கண்ணி: திரையில் கேட்கும் அனுமதி. சார்ஜர் கேட்டாலும் செயலி கேட்டாலும் திருடனுக்கு வேண்டியது அந்த ஒரு ‘சரி’.

முனை விஷயத்துக்குத் திரும்பினால், எளிய பாதுகாப்பு சொந்த சார்ஜர் தலையைக் கையோடு கொண்டுபோவது. சிங்கப்பூரின் மூன்று ஊசி, 230 வோல்ட் மின்செருகியில் தகவல் கம்பி கிடையாது. அதில் சொந்தத் தலையையும் சொந்தக் கேபிளையும் செருகினால் ஜூஸ் ஜாக்கிங் என்ற பேச்சுக்கே இடமில்லை. காப்பிக் கடையில் யூஎஸ்பி துளையும் மூன்று ஊசித் துளையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பது, கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செருகுவது நல்லது. சார்ஜரில் சிங்கப்பூரின் ‘சேஃப்டி மார்க்’ முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம். அது தகவல் திருட்டைத் தடுக்காது, தீவிபத்தைத் தடுக்க உதவும்.

பவர் பேங்கும் அதே அளவு நல்லது, சொந்தமாக இருக்கும்வரை. விமானப் பயணத்தில் மட்டும் ஒரு மாற்றம் நினைவிருக்கட்டும்: 2025 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட் விமானங்களுக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்தக் கூடாது. அதைச் சார்ஜ் செய்யவும் கூடாது. எனவே சென்னைக்கோ திருச்சிக்கோ கிளம்புகிறவர் ஏறும் முன்பே சார்ஜ் போட்டுவிடுவது நல்லது, அதற்கும் சொந்தத் தலைதான் கைகொடுக்கும்.

வேறு வழியே இல்லாமல் பொது யூஎஸ்பி முனையில்தான் செருகவேண்டும் என்றால், ‘டேட்டா பிளாக்கர்’ என்ற விரல் நீளச் சாதனம் உண்டு. முனைக்கும் கேபிளுக்கும் நடுவில் அது உட்கார்ந்து, நடுக் கம்பிகள் இரண்டையும் இணைக்காமல் விட்டுவிடும். தகவல் கம்பி இல்லாத இடத்தில் சாய்ஸ் ஜாக்கிங்கின் விசைப்பலகை நாடகமும் நடக்காது. பழைய வகை வேக சார்ஜ் முறைகள் அந்த நடுக் கம்பிகளையே நம்பியிருப்பதால் சார்ஜ் மெதுவாக ஏறலாம், அவ்வளவுதான். பெயர் தெரியாத முனைக்குப் பயந்து, இணையச் சந்தையில் பெயர் தெரியாத பிளாக்கரை வாங்குவதில் மட்டும் அர்த்தமில்லை. கம்பியில்லாச் சார்ஜ் தட்டுகளில் யூஎஸ்பி தகவல் வழி கிடையாது என்பதால் அவை இந்த வகைத் திருட்டுக்கு இடம் தருவதில்லை.

கைப்பேசிக்குள் செய்யவேண்டியவை சொற்பம். புதுப்பிப்பு வந்தால் தள்ளிப்போடாமல் ஏற்றுவது முதல் காரியம். ஆண்ட்ராய்டில் ‘டெவலப்பர் ஆப்ஷன்ஸ்’ திறந்திருந்தால் உள்ளே யூஎஸ்பி டீபக்கிங் அணைந்திருக்கவேண்டும். யாரோ நண்பர் செயலி ஏற்றித் தர அதைத் திறந்துவிட்டு மூடாமல் போயிருப்பது அடிக்கடி நடப்பது. சாம்சங் கைப்பேசிகளில் ‘ஆட்டோ பிளாக்கர்’ இயக்கத்தில் இருந்தால் கேபிள் வழிக் கட்டளைகளையும் வெளிச் செயலிகளையும் சேர்த்தே தடுக்கும். ஐஃபோனில், பூட்டியிருக்கும்போதும் துணைக்கருவிகளை அனுமதிக்கும் தேர்வை இயக்காமல் விட்டாலே போதும். சார்ஜ் ஏறும் நேரத்தில் கைப்பேசியைப் பூட்டியே வைப்பதும், நடுவில் எடுத்துத் திறந்து பார்க்காமல் இருப்பதும் எல்லாக் கைப்பேசிக்கும் பொருந்தும். அணைத்துவிட்டே சார்ஜ் போட்டால் இன்னும் நல்லது, ஆனால் அதை யாரும் செய்யப்போவதில்லை.

தெரியாமல் சம்மதம் அழுத்திவிட்டால் உடனே கேபிளைப் பிடுங்கிவிட்டு, ஃப்ளைட் மோடில் போடவேண்டும். ஐஃபோனில் ‘ரீசெட் லொகேஷன் அண்ட் பிரைவசி’ என்ற தேர்வு, நம்பிய கணினிகளின் பட்டியலை அழித்துவிடும். ஆண்ட்ராய்டில் டெவலப்பர் ஆப்ஷன்ஸுக்குள் யூஎஸ்பி டீபக்கிங் அனுமதிகளைத் திரும்பப் பெறும் தேர்வு உண்டு. நிறுவியது நினைவில்லாத செயலி எதுவும் இருந்தால் நீக்கவேண்டும். கடவுச்சொற்களை அந்தக் கைப்பேசியிலிருந்து அல்ல, வேறொரு கருவியிலிருந்து மாற்றவேண்டும். வங்கிக் கணக்கில் அறியாத அசைவு தெரிந்தால், சிங்கப்பூரின் பெரிய வங்கிகள் எல்லாவற்றிலும் வாடிக்கையாளரே தம் கணக்கை உடனே முடக்கிவிடும் ‘கில் ஸ்விட்ச்’ வசதி இருக்கிறது. அதை அழுத்திய பிறகு காவல்துறையில் புகார் கொடுக்கலாம். ஏமாற்றா இல்லையா என்று முடிவுக்கு வர முடியாதவர்கள் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு எண்ணை அழைத்துக் கேட்கலாம். அது 24 மணி நேரமும் இயங்குகிறது.